திரும்பாத மலர்: சூரியகாந்தியின் வரலாறும் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள்களும்

சூரியகாந்தி என்றதும் எவர் மனத்திலும் முதலில் எழுவது, காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் நோக்கித் திரும்பி, கதிரவனை ஒரு கணமும் பிரியாதிருக்கும் மலர் என்ற எண்ணமே ஆகும். இறைவனை நாடும் உயிருக்கும், தலைவனை நினைந்திருக்கும் தலைவிக்கும், அரசனுக்கு அடங்கிய குடிக்கும் இம்மலர் உவமையாக நின்றதற்கு இந்த ஓர் எண்ணமே அடிப்படை. ஆனால் தோட்டத்தில் முழுவதும் மலர்ந்து நிற்கும் ஒரு சூரியகாந்தியைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் சென்று பார்ப்பவருக்கு, அது கிழக்கு நோக்கியபடியே அசையாமல் நிற்பது தெரியவரும். சூரியனைப் பின்தொடர்வது மொட்டுப் பருவத்து இளஞ்செடிதானே தவிர, மலர்ந்து முதிர்ந்த பூ அன்று.

உலகம் இத்தனை காலமாகப் போற்றிவந்த குறியீட்டுக்கும் செடியின் இயல்புக்கும் இடையே இப்படியொரு விலகல் ஏன் ஏற்பட்டது என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். அதற்கான விடையைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். சூரியகாந்தியின்மேல் ஏற்றப்பட்ட உவமை, ஐரோப்பாவுக்கு அச்செடி வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வழங்கிவந்தது. வேறு சிறு செடிகளுக்கு உரியதாக இருந்த அவ்வுவமை, புதிதாக வந்த பெரும்பூவைக் கண்டதும் அதற்கு மாறியது. அந்த உவமை பெற்ற புகழின் முன்னே, காட்டுச் செடியொன்றைப் பல தலைமுறைகளாகப் பொறுக்கி விதைத்து இம்மலரை ஆக்கித் தந்த வட அமெரிக்கப் பழங்குடி மக்களின், குறிப்பாக அவர்களுடைய பெண்களின், உழைப்பு பேசப்படாமற்போயிற்று.

முதலில் பூவின் அமைப்பைக் காண்போம். ஒற்றைப் பூவாகத் தோன்றும் சூரியகாந்தித் தலை உண்மையில் நூற்றுக்கணக்கான, பெரிய இரகங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட, சிறுபூக்கள் ஓர் அகன்ற தட்டின்மேல் நெருங்கி அமைந்த பூங்கொத்து. தாவரவியலார் இதனைச் சிரமஞ்சரி என்பர். சாமந்தியும் செவ்வந்தியும் சேர்ந்த ஆஸ்டரேசி என்னும் பெருங்குடும்பத்துக்கு இதுவே அடையாளம். விளிம்பில் மஞ்சள் இதழ்களாகத் தோன்றுபவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுபூ. கதிர்ச் சிறுமலர்கள் எனப்படும் இவை விதை தருவதில்லை. வண்டையும் தேனீயையும் தொலைவிலிருந்து அழைப்பதே இவற்றின் வேலை. நடுவில் உள்ள வட்டத்தட்டுச் சிறுமலர்களே விதையாக முதிர்பவை. அவை ஒரே நாளில் மலர்வதில்லை. வெளிவட்டத்தில் தொடங்கி நாளொன்றுக்கு இரண்டு மூன்று வரிசைகளாக உள்நோக்கி மலர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் நடுவை எட்டுகின்றன. ஒவ்வொரு சிறுமலரும் முதல் நாள் ஆண்தன்மையோடு திறந்து மகரந்தத்தை மேலே தள்ளும். மறுநாளே அதன் சூலகமுடி இரண்டாகப் பிளந்து வளைந்து, பிற பூவின் மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடையும். ஆகவே உருப்பெருக்கி ஒன்றைக் கையிற்கொண்டு ஒரு தலையை வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்த்துச் செல்பவர், காய் பிடித்த வட்டம், பெண்பருவத்து வட்டம், பொன்தூள் படிந்த ஆண்பருவத்து வட்டம், திறவாத மொட்டு வட்டம் என்று ஒரு பூவின் வாழ்நாள் முழுவதையும் ஒரே வேளையில் காண முடியும்.

இச்சிறுமலர்கள் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் வளைந்து செல்லும் இருவகைச் சுருள்வரிசைகளில் அமைந்திருக்கும். அவற்றை எண்ணினால் பெரும்பாலும் ஒரு திசையில் 34-உம் மறு திசையில் 55-உம், பெரிய தலைகளில் 55-உம் 89-உம் கிடைக்கும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசையைச் சேர்ந்த எண்கள் இவை. வளர்முனையில் ஒவ்வொரு புதிய மொட்டும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை விலகித் தோன்றுவதால், வெற்றிடமின்றி நெருக்கமாக அடுக்கும் இவ்வொழுங்கு தானாகவே உருவாகின்றது. கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங் தம் இறுதி ஆண்டுகளில் இச்சுருள்களின் கணிதத்தில் ஆழ்ந்திருந்தார். அவர் விட்டுச்சென்ற வினாவைத் தொடர்வதற்காக, அவர் பிறந்த நூறாவது ஆண்டு நிறைவான 2012-இல் மான்செஸ்டரில் பொதுமக்களைக் கொண்டே சூரியகாந்திகளை வளர்த்து எண்ணும் பணி ஒன்று நடந்தது.

இனி, திரும்புதல் பற்றி. இளஞ்செடியின் தண்டு பகலில் கிழக்குப் பக்கத்தில் மிகுதியாகவும் இரவில் மேற்குப் பக்கத்தில் மிகுதியாகவும் நீள்வதால் அதன் உச்சி பகல் முழுதும் மேற்கு நோக்கிச் சாய்ந்து, இரவுக்குள் கிழக்குக்கு மீண்டுவிடுகின்றது. சூரியன் இல்லாத இரவிலும் அது விடியலை எதிர்நோக்கித் திரும்பிக்கொள்வது வெறும் ஒளிநாட்டத்தால் விளங்காது. நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தைச் செடியின் உள்ளிருந்தே அளக்கும் உயிர்க்கடிகாரம் இதற்குக் காரணம் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2016-இல் சயன்ஸ் இதழில் நிறுவினர். தலைக்கு மேலே அசையாத விளக்கின்கீழ் வைக்கப்பட்ட செடிகளும் சில நாட்கள் வரை கிழக்கும் மேற்குமாக ஆடிக்கொண்டிருந்தன. தண்டின் வளர்ச்சி நின்று பூ மலரும்போது ஆட்டமும் நின்று, தலை கிழக்கு நோக்கி நிலைபெறுகின்றது. இதில் செடிக்குப் பயன் இல்லாமல் இல்லை. கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவாக வெப்பமடைகின்றது. அதே ஆய்வில் தொட்டிகளைத் திருப்பிவைத்து மேற்கு நோக்கச் செய்த பூக்களைவிடக் கிழக்கு நோக்கிய பூக்களுக்குக் காலையில் ஐந்து மடங்கு மிகுதியான தேனீக்கள் வந்தன. முதிர்ந்த பூ ஒரே திசையில் நிற்பது தன் விருந்தினரை வரவேற்பதற்காகவே என்று கூறலாம்.

இவ்வளவு தெளிவாகத் தோட்டத்தில் காணக்கிடைக்கும் ஒன்றைப் பல தலைமுறை அறிஞர்கள் காணாதிருந்ததன் காரணம், அவர்கள் பூவைப் பார்ப்பதற்கு முன்பே கதையைப் படித்திருந்தனர் என்பதே. உரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்த உருமாற்றங்கள் என்னும் காவியத்தில் கிளைட்டி என்ற நீர்மகளின் கதை வருகின்றது. சூரிய தேவனால் கைவிடப்பட்ட அவள், உணவின்றி ஒன்பது நாட்கள் வெறுந்தரையில் அமர்ந்து வானில் செல்லும் அவன் முகத்தையே நோக்கியிருந்து, வேரூன்றி, ஊதாப்பூவை ஒத்த ஒரு சிறு மலராக மாறினாள். அது அக்காலத்தார் ஹீலியோட்ரோப் என்று வழங்கிய செடியைக் குறிப்பது. சூரியகாந்தியை ஓவிட் அறிந்திருக்க வழியே இல்லை. அது அப்போது அமெரிக்கக் கண்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

கதிரவனை நோக்கும் பூ என்ற கருத்து ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதும் அன்று. தமிழில் அவ்விடத்தைச் சங்க காலத்திலேயே பெற்றிருந்தது, தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் நெருஞ்சி. கொண்கானங் கிழானை மோசிகீரனார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், வறுமையுற்ற புலவர்களின் உண்கலங்கள் அவ்வள்ளலின் மார்பை நோக்கி நிற்பதற்கு, பாழூரில் பூத்த நெருஞ்சி எழும் ஞாயிற்றை எதிர்கொள்ளும் காட்சி உவமையாக்கப்பட்டுள்ளது. புரவலனை நோக்கும் கலைஞன் என்ற இதே உறவு, பல நூற்றாண்டுகள் கழித்து, இலண்டனில் ஓர் ஓவியத்தில் சூரியகாந்தியைக் கொண்டு காட்டப்பட்டது என்பதைப் பின்னர்க் காணலாம். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள், ஒரே மனித நிலையைச் சொல்ல ஒரே வகைப் பூவைத் தேர்ந்தது வியப்புக்குரியது. ஆனால் நெருஞ்சியைப் பாடிய புலவர் தாம் நிலத்தில் கண்டதைப் பாடினார். சூரியகாந்தியைப் போற்றிய ஐரோப்பியர் பலர் தாம் நூலில் கற்றதைப் பூவின்மேல் ஏற்றினர்.

அப்பூவை ஆக்கியவர்களிடம் இனிச் செல்ல வேண்டும். காட்டுச் சூரியகாந்தி பல கிளைகளாகப் பிரிந்து, கிளைதோறும் சிறு பூக்களைத் தாங்கி, அரை விரற்கடை நீளமும் இல்லாத விதைகளை முதிர்ந்தவுடன் உதிர்த்துவிடும் செடி. ஒற்றைத் தண்டும் ஒற்றைப் பெருந்தலையும் உதிராத பருவிதையும் மனிதர் தேர்ந்து விதைத்ததால் வந்தவை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஹேய்ஸ் என்னும் அகழாய்விடத்தில் கிடைத்த, நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கரிந்த விதைகள், அக்காலத்திலேயே அவை காட்டுவிதையைவிடப் பருத்துவிட்டதைக் காட்டுகின்றன. மெக்சிகோவிலும் இதற்கு இணையான பழமை உண்டென்ற கருத்து ஒருகாலத்தில் முன்வைக்கப்பட்டபோதிலும், இன்று பயிரிடப்படும் சூரியகாந்திகள் எல்லாம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரே முறை பயிராக்கப்பட்டதன் வழிவந்தவை என்பதையே மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன. மக்காச்சோளம் தெற்கிலிருந்து வந்து பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே, பூசணி, கீரை வகைச் சிறுதானியங்கள் ஆகியவற்றோடு சூரியகாந்தியையும் கொண்ட தனி வேளாண்மை அங்கே வேரூன்றியிருந்தது.

அவ்வேளாண்மையின் பிற்கால வடிவத்தை மிக அருகிலிருந்து காட்டும் சான்று ஒன்று உண்டு. இன்றைய வடக்கு டகோடாவில் மிசோரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்தைச் சேர்ந்த, எருமைப்பறவைப் பெண் என்னும் பெயரால் அறியப்பட்ட மூதாட்டி, தம் இளமைக்காலத்து உழவுமுறையை முழுவதுமாகச் சொல்ல, மானிடவியலாளர் கில்பர்ட் வில்சன் அதனைப் பதிவுசெய்து 1917-இல் நூலாக வெளியிட்டார். பயிர்களைப் பற்றிய அந்நூலின் விவரங்கள் சூரியகாந்தியில்தான் தொடங்குகின்றன. ஏனெனில் வசந்தத்தில் முதலில் விதைக்கப்படுவதும் இலையுதிர்காலத்தில் இறுதியில் அறுவடையாவதும் அதுவே. ஏப்ரல் மாதத்துக்கு அவர்கள் இட்டிருந்த பெயரே சூரியகாந்தி விதைக்கும் மாதம் என்பது. வயலின் ஓரங்களில் மட்டும், எட்டு ஒன்பது காலடி இடைவெளிவிட்டு மண்ணைக் கூட்டி மேடாக்கி, மேட்டுக்கு மூன்று விதைகளைப் பெருவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் சேர்த்துப் பிடித்து, விரலின் இரண்டாம் கணு ஆழத்துக்கு ஒரே அழுத்தாக அழுத்தி, உள்ளங்கையால் மண்ணைத் தட்டி இறுக்குவது பெண்களின் வழக்கம். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, வரி என்று விதையின் நிறத்தால் இரகங்களைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பமும் தான் விரும்பியதைப் பயிரிட்டது.

அறுவடையான தலைகளை மண்வீட்டின் கூரைமேல் பூமுகம் கீழாகக் கவிழ்த்துச் சில நாட்கள் உலர்த்துவர். வெயில் பின்பகுதியில் பட்டு நாரை உலர்த்திச் சுருக்கி, விதைகளைத் தளரச் செய்யும் முறை அது. உலர்ந்தபின் கோலால் அடித்து உதிர்த்த விதைகளை மண்சட்டியில் வறுத்து, சோளம் இடிக்கும் உரலில் இட்டு மாவாக்குவர். மக்காச்சோளம், அவரை, உலர்ந்த பூசணி, சூரியகாந்தி மாவு ஆகிய நான்கும் சேர்ந்த கூழ் அவர்களுடைய அன்றாட உணவுகளுள் சிறந்ததாக மதிக்கப்பட்டது. பெருந்தலைகளைத் தவிர, ஒரே செடியில் கிளைத்துப் பூக்கும் சிறுதலைகளை உறைபனி விழுந்த பின்னரே பறித்தனர். அவ்விதைகளில் எண்ணெய்ப்பசை மிகுதி என்பதை அனுபவத்தால் கண்டிருந்தனர். வறுத்து இடித்த அம்மாவைக் கையால் பிசைந்து உருண்டையாக்கிப் போர்வீரர்கள் தோற்பையில் கொண்டுசென்று, களைப்பும் உறக்கமும் மேலிடும்போது சிறிது சிறிதாகக் கடித்துத் தின்றனர். நம் எள்ளுருண்டையை ஒத்த இந்த உணவைப் பற்றிச் சொல்லும்போது அம்மூதாட்டியின் சொற்களில் வெளிப்படுவது பெருமிதம். அவர் சூரியகாந்தியைப் பற்றிச் சொன்னவற்றுள் விதை, மண், சுவை, வலிமை ஆகியவை உண்டு. பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட ஏக்கமும் அடிமைத்தனமும் இல்லை.

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் ஹோபி மக்களோ விதையின் கருஞ்சிவப்புத் தோலிலிருந்து சாயம் எடுத்துக் கூடைகளுக்கும் நூலுக்கும் நிறமேற்றினர்.

ஐரோப்பாவுக்கு இச்செடி பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஸ்பெயின் வழியாகச் சென்றது. அதனை ஆக்கியவர்கள் யாரென்ற செய்தி உடன் செல்லவில்லை. பெல்ஜியத்து மருத்துவர் ரெம்பர்ட் டோடோயன்ஸ் 1568-இல் அதன் படத்தை அச்சிட்டபோது பெரு நாட்டுப் பொற்பூ என்றே பெயரிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த வியப்புக்குரிய எதனையும் பெருவின் இன்கா அரசோடு இணைப்பது அக்கால மனப்போக்கு. சூரியனை வழிபட்ட இன்காக்களின் புனிதமலர் சூரியகாந்தி என்று இன்றும் பலர் எழுதிவருவது இந்தப் பிழையின் எச்சமே ஆகும். 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய ஹீலியாந்தஸ் அன்னுவஸ் என்ற அறிவியற்பெயரும் சூரியனைச் சொல்லிற்றே தவிர, பிறந்த மண்ணைச் சொல்லவில்லை.

அத்தகைய சூழலில் ஒருவர் மட்டும் தம் கண்ணை நம்பினார் என்பது மகிழ்ச்சி தருவது. இலண்டன் நகரின் ஹோல்பன் பகுதியில் தோட்டம் வைத்திருந்த ஜான் ஜெரார்ட் 1597-இல் வெளியிட்ட தம் மூலிகை நூலில், தாம் விதைத்த செடி 14 அடி உயரம் வளர்ந்ததையும், ஒரு தலை 3 பவுண்டு 2 அவுன்சு எடை இருந்ததையும் பதிவுசெய்தபின், இப்பூ சூரியனோடு திரும்புவதாகக் கூறுவர், உண்மையறிய முயன்றும் தாம் அதனை ஒருபோதும் கண்டதில்லை என்ற பொருள்பட எழுதினார். பிறரிடமிருந்து எடுத்தாண்டதாகவும் தவறுகள் மலிந்ததாகவும் அந்நூல் பல இடங்களில் குறைகூறப்படுவது உண்டு. ஆயினும் இந்த ஒரு வரிக்காக அவர் நன்றியோடு நினைக்கத்தக்கவர். அடுத்த நூற்றாண்டில் அவர் சொல்லுக்கு யாரும் செவிசாய்க்கவில்லை.

மாறாக, கிளைட்டியின் கதையை ஓவியர்கள் சூரியகாந்தியைக் கொண்டே வரைந்தனர். ஒரு படமும் அதன்கீழ் ஒரு நீதியுமாக அமைந்து அக்காலத்தில் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்ட குறியீட்டு நூல்களில், காதலனைப் பின்தொடரும் காதலிக்கும், கடவுளைப் பின்தொடரும் ஆன்மாவுக்கும் சூரியகாந்தி நிலையான சின்னமாயிற்று. ஆண்டனி வான் டைக் 1632-33 அளவில் வரைந்த தன்னுருவ ஓவியம் இவற்றுள் தலையாயது. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் அவ்வோவியருக்கு வீரப்பட்டமும் பொற்சங்கிலியும் வழங்கிய காலம் அது. ஓவியத்தில் வான் டைக் பார்ப்பவரை நோக்கித் திரும்பியவராய், ஒரு கையால் தம் மார்பிற் கிடக்கும் பொற்சங்கிலியைத் தூக்கிக் காட்டி, மறு கையால் தம் முகத்தைவிடப் பெரியதான ஒரு சூரியகாந்தியைச் சுட்டுகின்றார். அரசனாகிய கதிரவனின் கொடையால் பொன்னிறம் பெற்றுத் தழைக்கும் குடி தாம் என்பது அதன் பொருள். மோசிகீரனாரின் நெருஞ்சியும் வான் டைக்கின் சூரியகாந்தியும் சந்திக்கும் இடம் இதுவே. பாட்டில் நிற்பவை வெறுங்கலங்கள், ஓவியத்தில் மின்னுவது பெற்ற சங்கிலி என்பதே வேறுபாடு.

அறிவியலும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. பேரறிஞரென மதிக்கப்பட்ட இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ஹர், காந்தம் பற்றி 1641-இல் எழுதிய நூலில், சூரியகாந்தியைத் தக்கையில் பொருத்தி நீரில் மிதக்கவிட்டால் அது சூரியனால் ஈர்க்கப்பட்டுச் சுழன்று மணி காட்டும் என்று படத்தோடு விளக்கினார். இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீவன் ஹேல்ஸ். மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்று வளர்ந்த தொட்டியின் வாயை மெல்லிய ஈயத்தகட்டால் மூடி, நீர் இலைவழியாக மட்டுமே வெளியேற முடியும்படி செய்து, 1724-ஆம் ஆண்டுக் கோடையில் பதினைந்து நாட்கள் காலையும் மாலையும் எடைபோட்டார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 570 கிராம், நீரை அச்செடி ஆவியாக்கியது. தாவரங்களின் நீராவிப்போக்கு என்று இன்று பள்ளிச் சிறுவர்கள் கற்கும் பாடத்துக்கு எண்ணளவான அடித்தளம் 1727-இல் அச்சான அவர் நூலில் இடப்பட்டது. பெரிய இலையும் விரைந்த வளர்ச்சியும் உடைய இச்செடி ஆய்வாளரின் தொட்டியில் செய்த தொண்டு, கவிஞரின் ஏட்டில் செய்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஓவியத்தில் சூரியகாந்தியை அரசனிடமிருந்தும் தேவர்களிடமிருந்தும் விடுவித்தவர் வின்சென்ட் வான் கோ. 1888 ஆகஸ்டில் தென்பிரான்சின் ஆர்ல் நகரில், தம்மோடு தங்கவரும் ஓவியர் பால் கோகனின் அறையை அலங்கரிப்பதற்காக அவர் வரைந்த சாடிப்பூ ஓவியங்களில் சூரியன் இல்லை. பூக்கள் எதனையும் நோக்கவில்லை. சில மலர்ந்தும், சில இதழுதிர்ந்து விதைத்தட்டு மட்டும் எஞ்சியும், சில தலைகவிழ்ந்தும், வாழ்வின் எல்லாப் பருவங்களிலும் நிற்கின்றன. இலண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் உள்ள ஓவியத்தை உற்றுநோக்கினால் சில தலைகளில் நடுத்தட்டே தெரியாமல் மஞ்சள் இதழ்கள் அடர்ந்திருப்பது புலப்படும். அவை தூரிகையின் கற்பனை அல்ல. வட்டத்தட்டுச் சிறுமலர்கள் கதிர்ச் சிறுமலர்களாக மாறும் மரபணுத் திரிபினால் உண்டாகும் அடுக்குப்பூக்கள் அவை என்பதை ஜார்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கினர். வான் கோ தம் தங்கை வில்லெமினுக்கு எழுதிய கடிதமொன்றில், தம் ஓவியங்கள் பெரும்பாலும் வேதனைக் குரலாக இருப்பினும், நாட்டுப்புறச் சூரியகாந்தி நன்றியுணர்வைக் குறிக்கக்கூடும் என்று குறிப்பிட்டார். இப்பூவுக்கு ஐரோப்பாவில் கூறப்பட்ட பொருள்களுள் மிகத் தகுதியானது இதுவே எனலாம்.

எண்ணெய் வித்தாக இதனை மாற்றிய பெருமை உருசியாவுக்கு உரியது. கிறித்தவத் தவக்காலங்களில் விலங்குக் கொழுப்பை நீக்கிய மக்களுக்குத் தாவர எண்ணெயின் தேவை மிகுதியாயிருந்த அந்நாட்டில், அலெக்சேயெவ்கா என்ற ஊரில், பண்ணையடிமையான டேனியில் பொக்கரெவ் 1829-இல் தோட்டத்துச் சூரியகாந்தி விதையிலிருந்து எண்ணெய் பிழிந்தெடுத்தார். சில ஆண்டுகளில் அங்கே செக்காலை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் கிராஸ்னதார் நகரில் வசிலி புஸ்தவோய்த் 1912 முதல் அரை நூற்றாண்டுக் காலம் இடைவிடாது தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பயனாக விதையின் எண்ணெய் அளவு நூற்றுக்கு முப்பது என்ற நிலையிலிருந்து ஐம்பதுக்கு மேல் உயர்ந்தது. 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெரடோவிக் உள்ளிட்ட எண்ணெய் இரகங்கள் இந்த உருசிய உழைப்பின் விளைவே. அதே ஆண்டில் பிரான்சில் பத்ரீஸ் லெக்லெர்க், காட்டுச் சூரியகாந்தி இனமொன்றோடு பயிரைக் கலந்து, மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டு வழியைக் கண்டறிந்தார். தன் பூவே தன்னைக் கருவுறச் செய்யாத செடியை இன்னொரு வகையின் மகரந்தத்தால் கருவுறச் செய்து வீரிய ஒட்டு விதையைப் பேரளவில் பெற இது வழிதிறந்தது. பெங்களூரில் 1980-இல் வெளியான இந்தியாவின் முதல் ஒட்டு இரகமும் இவ்வழியில் வந்ததே. இன்று உலகில் விதைக்கப்படும் ஒட்டு இரகங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரு வட அமெரிக்கக் காட்டுச்செடியின் கொடையில் நிற்கின்றன.

தமிழ்நாட்டில் கரிசல் நிலங்களின் மானாவாரிப் பயிராகவும் கிணற்றுப் பாசனப் பயிராகவும் இது பரவியது. தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி ஆவணி மாதங்களில் மேற்கு மலையின் சாரலில் பூக்கும் வயல்களைக் காண மலைக்கு அப்பாலிருந்து கேரள மக்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். வந்தவர் அனைவரும் கிழக்கிலிருந்தே படமெடுப்பது, மலர்ந்த பூ திரும்புவதில்லை என்பதற்கு ஆண்டுதோறும் கிடைக்கும் சான்றாகும். பால்பிடித்த விதைகளைக் கொத்தவரும் கிளிக்கூட்டத்தை விரட்ட உழவர் பகலெல்லாம் காத்திருப்பதைப் படங்களில் காண இயலாது.

சென்ற நூற்றாண்டின் இறுதியில் இம்மலர் புதியதோர் அரசியற் பொருளும் பெற்றது. உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணுகுண்டுகளை முற்றிலும் கைவிட்டதை ஒட்டி, 1996 ஜூன் 4 அன்று பெர்வமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமெரிக்கா, உருசியா, உக்ரைன் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் சூரியகாந்தி நட்டனர். செர்னோபில் அருகே மாசுபட்ட குளத்துநீரில் மிதவைகளின்மேல் வளர்க்கப்பட்ட சூரியகாந்தியின் வேர்கள் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் ஈர்த்தது அதே பத்தாண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் 2011-இல் ஃபுக்குஷிமா விபத்துக்குப் பின் சப்பானியர் நம்பிக்கையோடு வயல்களில் விதைத்த சூரியகாந்திகள், களிமண்ணோடு இறுகப் பிணைந்த சீசியத்தில் மிகச் சிறு பகுதியையே எடுத்தன. நீரில் உண்மையானது நிலத்தில் பொய்த்தது. இங்கும் குறியீட்டின் வேகத்துக்கு ஆய்வால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சீனத்தில் மாவோ சூரியனாகவும் மக்கள் அவரை நோக்கும் சூரியகாந்திகளாகவும் சுவரொட்டிதோறும் வரையப்பட்ட காலத்தில் சிறுவனாக வளர்ந்தவர் கலைஞர் ஆய் வெய்வெய். 2010-இல் இலண்டனின் டேட் மாடர்ன் காட்சியகத்தின் பெருங்கூடத்தில் அவர் பரப்பியது பத்துக் கோடி சூரியகாந்தி விதைகள். ஒவ்வொன்றும் பீங்கான் நகரமான ஜிங்தேழெனின் கைவினைஞர்கள் தனித்தனியே செய்து, தூரிகையால் வரியிட்டுச் சுட்டது. வறுமைக்காலத்தில் ஒருவரோடொருவர் பகிர்ந்து கொறித்த விதையை நினைவிற்கொண்டு, தலைவனை நோக்கும் மலரை விடுத்து உண்ணும் விதையைக் கையில் எடுத்ததன் வழியாக, அவர் தம்மை அறியாமலே ஹிடாட்சாப் பெண்களின் பார்வைக்கு அருகில் வந்துசேர்ந்தார்.

வீட்டுத் தோட்டத்தில் இதனை வளர்க்க விரும்புவோர் கருதவேண்டியது ஒன்றுண்டு. பூக்கடைகளுக்காக உருவாக்கப்பட்டு, மேசைவிரிப்பில் பொடி உதிராது என்ற காரணத்தால் விரும்பப்படும் மகரந்தமற்ற இரகங்கள் விதைக்கடைகளில் பெருகிவருகின்றன; ஆண்மலட்டு வழியில் வந்த அவற்றில் தேனீக்குச் சிறிது தேன் உண்டேயன்றி, தன் குஞ்சுகளுக்குக் கொண்டுசெல்ல மகரந்தம் இல்லை. இவற்றுக்கு மாறாக, பழங்குடி மக்களிடமிருந்து தாவரவியலாளர் சார்லஸ் ஹைசர் முதலியோர் திரட்டிய ஹோபி, ஹவாசுபாய், அரிக்காரா, மண்டான் இரகங்கள் விதைவங்கிகளில் காக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் ஹோபி மக்களின் சாய இரகம் இன்றும் அவர்கள் பெயராலேயே விற்கப்படுகின்றது. அதன் விதைகளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்தால் தோலின் நிறம் இறங்கிக் கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். உடன் படிகாரம் சேர்த்துக் கம்பளி நூலை ஊறவைத்தால் ஊதாவுக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட நிறங்களை அது ஏற்கும்.